எல்லையில் தவறிய பேருந்து: சிங்கப்பூர் – கோலாலம்பூர் பயணம் குறித்த நிகழ்வு ஆய்வு

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் நேரடி விமானம் உண்டு, கோலாலம்பூருக்கும் உண்டு. அதனால் சிங்கப்பூரில் இறங்கி நான்கு நாள் சுற்றிவிட்டு, பேருந்தில் கோலாலம்பூர் போய், பத்துமலை முருகனைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே ஊர் திரும்புவது பல குடும்பங்களுக்குத் தோதான திட்டம். இடைத்தூரம் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். நெரிசல் இல்லாத நாளில் ஐந்தரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் இந்தப் பாதையில் பேருந்தைத் தவறவிடுகிறவர்கள் புறப்படும் இடத்தில் தவறவிடுவதில்லை. பாதி வழியில், எல்லையில் தவறவிடுகிறார்கள். அது ஏன் நடக்கிறது என்பதைப் பார்ப்பதே இந்த ஆய்வு.

இங்கே வரும் குடும்பம் ஒரு மாதிரிதான். இந்தப் பாதையில் அடிக்கடி நேரும் கோளாறுகளை ஒரே பயணத்தில் கோத்து அமைத்திருக்கிறோம். இடங்களும் விதிகளும் உள்ளபடியே.

நடந்தது

நான்கு பேர்: கணவன், மனைவி, 9 வயது மகன், 68 வயது அப்பாயி. நவம்பர் இறுதி, சிங்கப்பூரில் பள்ளி விடுமுறைக் காலம். வெள்ளிக்கிழமை மாலை 5 மணி வண்டி, பீச் ரோட்டில் உள்ள கோல்டன் மைல் டவரிலிருந்து. இருக்கைகள் மேல் தளத்தின் கடைசி இரண்டு வரிசை. நான்கு பெரிய பெட்டிகள். சீக்கிரமே வந்து விட்டதால் பெட்டிகளை முதலில் ஏற்றினார்கள். அவை அடியறையின் உள்மூலைக்குப் போய்விட்டன.

வண்டி 5.10க்குக் கிளம்பியது. துவாஸ் சோதனைச்சாவடிக்கு வரும்போது 6.20. சிங்கப்பூரை விட்டு வெளியேறும் சோதனை சிக்கலின்றி முடிந்தது, 6.55க்கு எல்லோரும் மறுபடி வண்டியில். இரண்டாம் இணைப்புப் பாலத்தில் வாகனங்கள் ஊர்ந்தன. மலேசியப் பக்கம் சுல்தான் அபூபக்கர் வளாகத்தில் இறங்கியபோது மணி 7.20. முன்னால் இரண்டு பேருந்துக் கூட்டம் ஏற்கெனவே வரிசையில் நின்றது. இவர்களின் பெட்டிகள் கடைசியாக வெளியே வந்ததால், தங்கள் வண்டிப் பயணிகளிலும் இவர்களே கடைசி.

7.45க்குச் சோதனை முகப்பை எட்டினார்கள். கணவரின் கடப்பிதழை (பாஸ்போர்ட்) பார்த்த அதிகாரி மற்ற மூவருக்கும் எம்டிஏசி எனும் மலேசிய இணையவழி வருகை அட்டை எங்கே என்று கேட்டார். இல்லை. ஓரமாகப் போய் நிரப்பிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார். ஒரே கைப்பேசி, இணைப்பு விட்டுவிட்டு வந்தது. மூன்று படிவமும் முடிய 8.05. மறுபடி வரிசை. அப்பாயியின் ஆள்காட்டி விரல் ரேகை கருவியில் பதியவில்லை, நான்கு முறை முயன்றார்கள். பெட்டிகளை ஊடுகதிர்க் கருவியில் விட்டு எடுத்து வெளியே வந்தபோது 8.35. வண்டி இல்லை.

யார் மேல் தவறு?

முதலில் ஓட்டுநர் மேல்தான் கோபம் வரும். ஆனால் சீட்டின் நிபந்தனைகளை எடுத்துப் படித்தால், குடிநுழைவுச் சோதனையில் (இமிகிரேஷன்) தாமதமாகும் பயணிக்காக வண்டி குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் காத்திராது என்று எழுதியிருக்கும். எத்தனை நிமிடம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பெரும்பாலும் அரை மணிக்குள்தான். வண்டிக்குள் இன்னும் இருபத்தைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். வளாகத்தின் நிறுத்துமிடத்தில் பின்னால் வரும் வண்டிகளுக்கு இடம் விட்டாக வேண்டும்.

இழந்த நேரத்தைச் சாலையில் ஓட்டிப் பிடிக்கவும் முடியாது. மலேசிய விரைவுச்சாலைகளில் பேருந்துக்கு உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். எல்லையில் போன அரை மணி போனதுதான். அதனால் ஓட்டுநரைக் குற்றவாளியாக்குவது நியாயமாகாது. அவர் வண்டியை எடுக்கும் முன் வரிசையை ஒரு பார்வை பார்த்திருக்கலாம் என்ற வருத்தம் மட்டும் மிஞ்சும்.

உண்மையான காரணம் நான்கு நாள் முன்பே, திருச்சியில் தொடங்கிவிட்டது.

இரண்டு படிவங்கள், ஒரு தவறான ஊகம்

சிங்கப்பூருக்குள் நுழைய எஸ்ஜி அரைவல் கார்டு, மலேசியாவுக்குள் நுழைய எம்டிஏசி. இரண்டும் இணையத்தில் நிரப்பும் வருகை அட்டைகள், இரண்டும் இலவசம். நுழையும் நாளையும் சேர்த்து அதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இரண்டையும் அனுப்ப வேண்டும். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை. தேடுபொறியில் முதலில் வருவதே அப்படிப்பட்ட இடைத்தரகர் தளமாக இருப்பதும் உண்டு.

சிங்கப்பூர் அட்டையைக் குடும்பமாகச் சேர்த்து ஒரே தடவையில் அனுப்பலாம். இந்தக் குடும்பமும் திருச்சியில் அப்படித்தான் அனுப்பியது. கையோடு மலேசிய அட்டையையும் முடித்துவிடலாம் என்று பார்த்தால் தேதி இன்னும் திறக்கவில்லை. சிங்கப்பூரில் நான்கு நாள் கழித்துத்தானே எல்லை கடக்கிறார்கள். சரி, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். விடுதியில் கணவர் தன் பெயரில் நிரப்பினார்; முன்னதைப் போல இதுவும் குடும்பத்துக்கே சேர்ந்தது என்று நினைத்துவிட்டார். எம்டிஏசி ஒவ்வொரு கடப்பிதழுக்கும் தனித்தனி. கைக்குழந்தைக்கும் வேண்டும். சிங்கப்பூரில் வேலை அனுமதியில் இருக்கும் இந்தியர்களுக்கும் வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்குத்தான் விலக்கு. கூடவே வரும் சிங்கப்பூர் உறவினர் ‘அதெல்லாம் தேவையில்லை’ என்று சொல்வது தன் அனுபவத்தை வைத்து. அதை நம்பி மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய.

படிவத்துக்குள்ளும் தடுக்கி விழும் இடங்கள் உண்டு. கடைசியாக ஏறிய இடம் என்ற கேள்விக்கு இந்தியா என்று எழுதிவிடுவார்கள், அது சிங்கப்பூர். பயண வகையில் விமானம் என்று தேர்ந்துவிட்டால் விமான எண் கேட்கும். தரைவழி என்று தேர வேண்டும். வண்டி எண் முன்கூட்டித் தெரியாது என்பதால் அங்கே பேருந்து என்றோ நிறுவனப் பெயரையோ இடுவது வழக்கம். பெயர், கடப்பிதழின் அடியில் இருக்கும் இரண்டு வரி எழுத்துகளில் உள்ளபடி இருக்க வேண்டும். முதலெழுத்தைத் தந்தை பெயராக விரித்திருக்கிறார்களா, குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கிறதா என்று அங்கே பார்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் விட நுட்பமான தவறு இரவு வண்டியில் நடக்கும். இரவு 11.30க்குப் புறப்படும் வண்டி நள்ளிரவுக்குப் பிறகே பாலத்தைக் கடக்கும். படிவத்தில் இட வேண்டியது மறுநாள் தேதி.

அனுப்பியதும் மின்னஞ்சலில் உறுதி வரும். நான்கு பேருடையதையும் படமாக எடுத்து, இணைப்பே இல்லாமல் திறக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். எல்லையை நெருங்கும்போது கைப்பேசி ஒரு நாட்டு அலைவரிசையிலிருந்து மறுநாட்டுக்குத் தாவும். சிங்கப்பூர் சிம் அந்த இடத்தில் பல நேரம் செத்துப்போகும்.

விசா விஷயம் சுருக்கமாக. இந்தியக் கடப்பிதழுக்கு 2023 டிசம்பர் 1 முதல் மலேசியா 30 நாள் வரை விசா கேட்பதில்லை. இது காலவரம்போடு நீட்டிக்கப்பட்டுவரும் சலுகை என்பதால், சீட்டு எடுக்கும் முன் நடப்பு நிலையைப் பார்த்துக்கொள்வது அவசியம். விசா இல்லை என்பதற்காகக் கேள்வியும் இல்லை என்று ஆகாது: விடுதி முன்பதிவு, ஊர் திரும்பும் விமானச் சீட்டு, செலவுக்குப் பணம் ஆகியவற்றைக் கேட்கலாம். கோலாலம்பூர் போய் மறுபடி சிங்கப்பூருக்கே திரும்புகிறவர்கள், தங்கள் சிங்கப்பூர் விசாவில் ஒருமுறை நுழைவா பலமுறை நுழைவா என்று பார்க்காமல் பாலத்தைக் கடக்கக் கூடாது. திரும்பும்போது புதிதாக ஒரு வருகை அட்டையும் அனுப்ப வேண்டும்.

வரிசைக் கணக்கு

படிவங்கள் சரியாக இருந்திருந்தால் இவர்கள் வண்டியைப் பிடித்திருப்பார்களா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வண்டிக்கு 30 பேர், நான்கு முகப்புகள் திறந்திருக்கின்றன, ஆளுக்கு ஒன்றரை நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். தன் வண்டியில் கடைசி ஆளாக நின்றால் 11 நிமிடம். முன்னால் இன்னும் இரண்டு வண்டி இருந்தால் 34 நிமிடம். இவர்கள் முகப்பை எட்ட ஆனது 25 நிமிடம். அதற்குப் பிறகு விரல் ரேகை, பெட்டிச் சோதனை. அதாவது படிவம் சரியாக இருந்தாலும் மயிரிழையில்தான் பிடித்திருப்பார்கள்.

அந்த மயிரிழையை அகலப்படுத்துவது இருக்கை எண். இணையத்தில் சீட்டு எடுக்கும்போது எல்லோரும் சன்னலோரத்தையும் மேல்தள முன்வரிசையையும் பார்க்கிறார்கள். எல்லை கடக்கும் வண்டியில் விலைமதிப்புள்ள இடம் கதவருகே உள்ள இருக்கை. வண்டி நின்றதும் முதல் ஐந்து பேருக்குள் இறங்கினால் வரிசையிலும் முன்னால். மாடிப் பேருந்து என்றால் கீழ்த்தளமே நல்லது. முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் குறுகிய படிக்கட்டில் நான்கு முறை ஏறி இறங்க வேண்டியதும் இல்லை.

அடுத்தது பெட்டி. ஒரு நாட்டை விட்டு வெளியேறும் இடத்தில் பெட்டி வண்டியிலேயே இருக்கும், கடப்பிதழும் கைப்பையும் போதும். நுழையும் இடத்தில் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் இறக்கிச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். போகும்போது துவாஸில் வெறுங்கை, மலேசியாவில் முழுச்சுமை. திரும்பும்போது மலேசியாவில் வெறுங்கை, சிங்கப்பூரில் முழுச்சுமை. இதிலிருந்து இரண்டு முடிவுகள் வருகின்றன. ஒன்று, அடியறையில் கடைசியாக வைத்த பெட்டிதான் முதலில் வெளியே வரும். சீக்கிரம் வந்தாலும் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்று, கதவு மூடப்போகும் நேரத்தில் வைப்பதே புத்தி. இரண்டு, வெளியேறும் இடத்தில் வண்டியைத் தவறவிட்டால் பெட்டிகள் வண்டியோடு போய்விடும். நுழையும் இடத்தில் தவறவிட்டால் அவை நம் கையிலேயே இருக்கும். இந்தக் குடும்பத்துக்கு அந்த அளவில் அதிர்ஷ்டம். அப்பாயியின் சர்க்கரை மாத்திரையும் எல்லா ஆவணமும் எப்போதும் கைப்பையில் இருக்க வேண்டும் என்பது அதனால்தான்.

விரல் ரேகை பற்றி. மலேசியா நுழையும் வெளிநாட்டவரின் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் பதிகிறது. வயல் வேலையோ வீட்டு வேலையோ செய்து தேய்ந்த விரல்கள், அதற்கு மேல் இரண்டு மணி நேரக் குளிரூட்டியில் வறண்ட தோல்: கருவி பிடிக்காது. வண்டியிலிருந்து இறங்குவதற்குக் கொஞ்சம் முன் விரல் நுனியில் துளி எண்ணெயோ கைப்பூச்சோ தடவித் துடைத்துவிட்டால் ரேகை எழும். கையில் ஒன்றும் இல்லையென்றால் நெற்றியில் விரலைத் தேய்த்தாலும் அந்த எண்ணெய்ப்பசை போதும். பெரியவர்களை வரிசையின் வாலில் நிற்கவைக்காமல், சக்கர நாற்காலியோ கைத்தடியோ இருந்தால் அங்குள்ள பணியாளரிடம் காட்டித் தனி வழி கேட்கலாம்.

முகப்பை விட்டு நகரும் முன் கடப்பிதழைத் திறந்து மலேசிய முத்திரை விழுந்திருக்கிறதா, தேதி சரியா என்று பார்க்க வேண்டும். கூட்டத்தில் முத்திரை இல்லாமல் வந்துவிட்டால் நாடு திரும்பும்போது விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க நேரும். சிங்கப்பூரில் முத்திரை கிடையாது. அனுமதி மின்னஞ்சலில் வரும்.

இன்னொன்று, பத்து நொடி வேலை: முதலில் ஏறும்போதே வண்டியின் எண் தகட்டைப் படம் எடுத்துக்கொள்வது. ஒரே நிறுவனத்தின் ஒரே நிற வண்டிகள் மூன்று நான்கு பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஜே என்று தொடங்கினால் எல்லையை ஒட்டிய மலேசிய மாநிலமான ஜோகூரின் பதிவு, டபிள்யூ அல்லது வி என்றால் கோலாலம்பூர். தன் வண்டி கண்ணெதிரே நிற்கும்போதே தெரியாமல் தேடிக்கொண்டிருந்து விட்டவர்களும் உண்டு. ஓட்டுநரிடம் எத்தனை நிமிடம் நிற்பார், எந்த இடத்தில் நிற்பார் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்க வேண்டும். அவரது கைப்பேசி எண் கிடைத்தால் இன்னும் நல்லது.

நாள், நேரம்

இவர்கள் தேர்ந்தெடுத்தது வாரத்திலேயே மோசமான நேரம். ஜோகூர் மாநிலத்தில் 2014 முதல் வார விடுமுறை வெள்ளி, சனியாக இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் அது சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. இப்போது பாலத்தின் இரு பக்கமும் ஒரே நாளில் வாரத்தை முடிக்கின்றன. வெள்ளி மாலைக் கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் எல்லையில் சேர்கிறது. வெள்ளி காலை 7 மணி வண்டியை எடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி, ஜூன், நவம்பர், டிசம்பர் பள்ளி விடுமுறைகள் எல்லாம் இதே கணக்கில் வரும். தைப்பூசத்துக்குப் பத்துமலை போகிறவர்கள் தனியாக யோசிக்க வேண்டும்: அன்று சிங்கப்பூரில் பொது விடுமுறை இல்லை, ஜோகூரிலும் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் உண்டு. பூசத்துக்கு இரண்டு நாள் முன்பே போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது.

விட்டுவிட்டுப் போன பிறகு

முதல் வேலை, அதே நிறுவனத்தின் அடுத்த வண்டிக்காகப் பேருந்து நிறுத்தும் இடத்திலேயே பார்த்திருப்பது. சீட்டைக் காட்டினால், இடமிருந்து ஓட்டுநருக்கு மனமும் இருந்தால் ஏற்றிக்கொள்வார். உரிமை என்று கேட்க முடியாது, வேண்டுகோள்தான். நான்கு பேருக்கு விடுமுறை வெள்ளியில் இடம் இருக்காது.

சுல்தான் அபூபக்கர் வளாகத்திலிருந்து நடந்து வெளியேற வழி இல்லை. சுற்றிலும் விரைவுச்சாலை. அங்கே கைகொடுப்பது ஜூரோங் ஈஸ்ட்டிலிருந்து வரும் சி டபிள்யூ 3, பூன் லேயிலிருந்து வரும் சி டபிள்யூ 6 போன்ற எல்லைப் பேருந்துகள். இரண்டும் ஜோகூரில் உள்ள புக்கிட் இண்டா பக்கம் போகும். சில்லறைப் பணம் கையில் இருக்க வேண்டும். அங்கிருந்து கிராப் வாடகை வண்டியில் லார்க்கின் சென்ட்ரல் பேருந்து நிலையம், அரை மணி அளவு. லார்க்கினிலிருந்து கோலாலம்பூருக்கு நாள் முழுக்க வண்டி உண்டு. இந்தக் குடும்பத்துக்கு இரவு 10.45 வண்டியில் இடம் கிடைத்தது என்று வைத்துக்கொண்டால், நாலேகால் மணி நேரத்தில் விடியற்காலை 3 மணிக்கு வந்துசேர்வார்கள்.

இன்னொரு எல்லைப் பாதையான உட்லண்ட்ஸ் கடற்பாலம் வழியாக வரும் வண்டியைத் தவறவிட்டால் சங்கடம் குறைவு. மலேசியச் சோதனையை முடித்ததும் ஜோகூர் பாரு நகரின் ஜேபி சென்ட்ரல் நிலையத்துக்கு நடந்தே வந்துவிடலாம், அங்கிருந்து லார்க்கினுக்கு உள்ளூர்ப் பேருந்துகள் ஓடுகின்றன. இதையே திட்டமாக வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு: எல்லையை நகரப் பேருந்தில் தாங்களே கடந்து, லார்க்கினில் ரிங்கிட் விலையில் சீட்டு எடுப்பது. யாரும் காத்திருக்கவில்லை என்பதால் பதற்றமும் இல்லை. பெட்டிகள் சிறியவையாக, உடன் வருகிறவர்கள் நன்றாக நடக்கக்கூடியவர்களாக இருந்தால் அதுவே மேல். அப்பாயியோடு என்றால் நேர்வண்டிதான் சரி, ஆனால் காலை வண்டி.

சாலையும் வண்டியும்

எல்லைக்குப் பிறகு பயணம் இலகுவானது. வடக்கு தெற்கு விரைவுச்சாலை சமதளமானது, இருபுறமும் செம்பனைத் தோட்டங்கள். வண்டிகளில் பெரும்பாலும் ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று என அகல இருக்கைகள். கழிப்பறை இருக்கும் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. மாச்சாப், பாகோ போன்ற ஓய்விடங்களிலோ யோங் பெங்கிலோ ஒருமுறை 15, 20 நிமிடம் நிற்கும். இங்கேயும் அதே விதி: எண் தகடு, நேரம். குளிரூட்டி கடுமையாக இருக்கும். பெரியவர்களுக்குக் காலுறையும் போர்வையும் வேண்டும்.

இருக்கைவாரைப் பற்றிச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். 2025 ஜூன் 9 அன்று பேராக் மாநிலம் கெரிக் அருகே மாணவர்களை ஏற்றிவந்த பேருந்து கவிழ்ந்து, சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் இறந்தார்கள். அடுத்த மாதம், ஜூலை 1 முதல், விரைவுப் பேருந்துப் பயணிகளும் வார் அணிய வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அணியாவிட்டால் 300 ரிங்கிட் அபராதம். ஏறியதும் வார் இருக்கிறதா, பூட்டு வேலை செய்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் வண்டி கிளம்பும் முன்பே இருக்கையை மாற்றித் தரக் கேளுங்கள். தூங்கும்போதும் கழற்றாதீர்கள். குழந்தையை மடியில் வைத்து ஒரே வாரால் இருவரையும் கட்டுவது குழந்தைக்கு ஆபத்து. அவனுக்குத் தனி இருக்கை எடுங்கள்.

கோலாலம்பூரிலிருந்தே ஊர் திரும்புகிறவர்களுக்குப் பணம் சார்ந்த ஒரு செய்தி. சிங்கப்பூரில் வாங்கிய பொருளுக்குச் சுற்றுலாப் பயணிகள் திரும்பப் பெறும் பொருள் சேவை வரி, விமானம் வழியாக வெளியேறினால் கிடைக்கும், தரைவழிக்குக் கிடையாது. நகை, மின்னணுப் பொருள் என்று பெரிதாக வாங்கும் எண்ணம் இருந்தால், கோலாலம்பூரில் இறங்கி சிங்கப்பூரிலிருந்து விமானம் ஏறும்படி பயணத்தையே திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். அப்படி வரும்போது துவாஸில் சோதனை கடுமை. மலேசியாவிலிருந்து வருவோருக்கு மதுவில் வரிவிலக்கே இல்லை, ஒரு பெட்டி சிகரெட்டையும் அறிவித்து வரி கட்ட வேண்டும், மின்சிகரெட்டுக்கு முழுத் தடை.

வந்து சேரும் இடம்

டிபிஎஸ் என்று எல்லோரும் சொல்லும் தெற்கு ஒருங்கிணைந்த முனையம் 2011இல் திறக்கப்பட்டது; நகர மையத்துக்குத் தெற்கே பண்டார் தாசெக் செலாத்தானில் இருக்கிறது. எல்லா வண்டியும் இங்கே வருவதில்லை, சில பெர்ஜெயா டைம்ஸ் ஸ்குவேர் வரை போகும். சீட்டில் எந்த முனையம் என்று பார்த்த பிறகே விடுதியை முடிவு செய்ய வேண்டும்.

விடியற்காலை 3 மணிக்கு ரயில்கள் ஓடாது. முனையம் இரவும் பகலும் திறந்திருக்கிறது, உட்கார இடமும் கழிப்பறையும் உண்டு. பெரியவர்கள் இருந்தால் கிராப் எடுத்து விடுதிக்குப் போய்விடுவதே நல்லது, ஆனால் அந்த நேரத்தில் அறை திறப்பார்களா என்று லார்க்கினிலிருந்தே விடுதிக்குச் சொல்லிவிட வேண்டும். காலை 6 மணியை ஒட்டி ரயில்கள் தொடங்கும். முனையத்தோடு இணைந்த நடைபாலத்தைக் கடந்தால் கேடிஎம் கொமுட்டர் எனும் புறநகர் ரயில் நிலையம். பிரிக்ஃபீல்ட்ஸில் தங்குகிறவர்கள் கேஎல் சென்ட்ரலில் இறங்கலாம். இறங்காமல் அதே ரயிலில் உட்கார்ந்திருந்தால், வண்டி மாறாமலே கடைசி நிலையம் பத்துமலை.